கோழிக்குஞ்சுக்கு கால்ல அடிபட்டா என்ன செய்யணும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

குஞ்சு திடீர்னு நொண்டுது, காலை கீழ வைக்கவே மாட்டேங்குது. முதல்ல என்ன செய்யணும்?

காலைத் தொடறதுக்கு முன்னாடி குஞ்சை கதகதப்பா ஒரு இடத்துல வைங்க. நிறைய பேரு நேரா கட்டு போடுறதுல இறங்கிடுறாங்க, ஆனா கால் அடி நேரடியா உயிரை எடுக்குறது ரொம்ப கம்மி, குளிர்ல சுருண்டு போறது, தண்ணிகிட்ட போக முடியாம காஞ்சு போறது, மத்த குஞ்சுங்க மேல ஏறி மிதிக்கிறது, இதுங்க தான் உயிரை எடுக்கும். அதனால ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அடியில துணி, ஒரு பக்கம் வெப்பம், குஞ்சுக்கு எட்டுற தூரத்துல தண்ணி. ஒரு கால் மணி நேரம் அப்படியே விட்டுட்டு அப்புறம் நல்ல வெளிச்சத்துல காலைப் பாருங்க.

முதல் வாரக் குஞ்சுக்கு சுமார் 35 டிகிரி செல்சியஸ் வேணும், அடுத்தடுத்த வாரம் 3 டிகிரி அளவுக்கு குறைச்சுக்கிட்டே வரலாம். இதுல ஒண்ணு கவனிங்க. நல்லா இருக்குற குஞ்சு சூடு அதிகமானா தானே நகர்ந்துக்கும், நொண்டிக் குஞ்சால அது முடியாது. அதனால பல்பை நேரா அது தலைக்கு மேல தொங்க விடாம பெட்டியோட ஒரு ஓரத்துல வச்சு, குஞ்சை நடுவுல விடுங்க, ரெண்டு அடி தவழ்ந்தாலே சூட்டுக்கும் வரலாம், விலகியும் போகலாம். வாயைத் திறந்து மூச்சு வாங்குனா சூடு ஜாஸ்தி, விடாம கீச்சு கீச்சுனு கத்திக்கிட்டு உடம்பை சுருக்குனா குளிருதுன்னு அர்த்தம். பல்பை நல்லா கெட்டியா கட்டித் தொங்க விடுங்க, துணி மேலயோ அட்டை மேலயோ விழுந்தா தீப்பிடிக்கும்.

உடைஞ்சிருக்கா, சுளுக்கா, எப்படி கண்டுபிடிக்கிறது?

ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, அதை விட நல்ல வழி கிடையாது. நல்ல கால் எப்படி இருக்கோ அதுல இருந்து கெட்ட கால் எங்க மாறுதுன்னு மேல இருந்து கீழ வரைக்கும் விரலால மெதுவா தடவிக்கிட்டே வாங்க.

ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க, பின்னாடி மடங்குற அந்த மூட்டை எல்லாரும் முட்டின்னு நினைப்போம், அது உண்மையில கணுக்கால். முட்டி அதுக்கு மேல, இறகுக்குள்ள மறைஞ்சு உடம்போட ஒட்டி இருக்கும். கீழ எழுதியிருக்குறதுல கணுக்கால்னு சொல்றது அந்த பின்னாடி மடங்குற மூட்டைத் தான்.

எலும்பு உடைஞ்சிருந்தா மூட்டே இல்லாத இடத்துல கால் வளையும், இல்லன்னா கால் தொங்கும், தொட்டா குஞ்சு வீறிடும், சில சமயம் விரலுக்கு கீழ நறநறன்னு ஒரு உரசல் தெரியும். அப்படி தெரிஞ்சா திரும்பத் திரும்ப அசைச்சுப் பாக்காதீங்க, உள்ள எலும்பு முனை சதையைக் கிழிக்கும். சுளுக்கா இருந்தா கால் நேரா இருக்கும், கொஞ்சம் சூடா வீங்கி இருக்கும், குஞ்சு விரல் நுனியையாவது ஊணிப் பாக்கும்.

அடிபட்ட மறுநாளோ அதுக்கு அடுத்த நாளோ தோல் பச்சையா மாறுனா அழுகிடுச்சுன்னு பயந்துடாதீங்க. பறவைகளுக்கு ரத்தக்கட்டு பச்சை நிறமாத் தான் மாறும், அது இயல்பு. அழுகுறதுன்னா கருப்பா, ஜில்லுனு, காஞ்சு போன மாதிரி இருக்கும், நாத்தமும் வரும். இந்த வித்தியாசம் தெரியாம நல்லா ஆகிட்டு வர்ற குஞ்சையே கைவிட்டுடுறாங்க, அதான் இவ்ளோ அழுத்தி சொல்றேன்.

பொரிச்சு ஒரு நாள் தான் ஆகுது, ரெண்டு காலும் ஆளுக்கொரு பக்கமா விரிஞ்சு போகுது, எந்திரிக்கவே முடியல. இது அடியா?

அடி இல்ல. முட்டையில இருந்து வந்த முதல் நாள் எல்லாக் குஞ்சும் தள்ளாடும், அது தானா சரியாகும், ஆனா ஒரு நாள் தாண்டியும் காலு உடம்புக்கு கீழ வராம பக்கவாட்டுல வழுக்கிக்கிட்டே போனா அது கால் விரியுற பிரச்சனை. பெரும்பாலும் வழவழன்னு இருக்குற தரை தான் காரணம், இன்குபேட்டர் தட்டு, செய்தித்தாள், பிளாஸ்டிக், இதுல பிடிமானமே கிடைக்காது, சின்னத் தசைநாரு இழுபட்டு அப்படியே விரிஞ்சிடும். அடை வைக்கும்போது வெப்பம் கூடக் குறைய இருந்தாலும், பொரிக்கிறப்போ முட்டைக்குள்ள ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருந்தாலும் வரும்.

இருக்குற கால் பிரச்சனையிலயே வீட்ல சரி பண்ண ரொம்ப சுலபமானது இதுதான், ஆனா சீக்கிரம் செய்யணும். முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா பெரும்பாலும் சரியாகிடும், ஒரு வாரம் விட்டுட்டா எலும்பும் தசையும் அந்தக் கோணத்துலயே இறுகிடும், அப்புறம் கஷ்டம்.

செய்யுற விதம் இப்படி. ஒரு சாதாரண பிளாஸ்திரியை நீளவாக்குல பாதியா வெட்டிக்கோங்க. நடுவுல இருக்குற பஞ்சுப் பகுதி ரெண்டு காலுக்கும் நடுவுல பாலம் மாதிரி வரணும், ஒட்டுற ரெண்டு முனையும் ஒவ்வொரு காலையும் சுத்தி வந்து பாலத்து மேலயே ஒட்டிக்கணும். கட்ட வேண்டிய இடம் கணுக்காலுக்குக் கீழ, பாதத்துக்கு மேல இருக்குற செதில் கால். இடைவெளி நல்ல குஞ்சு நிக்கிற அகலம், சாதாரண சைஸ் குஞ்சுக்கு 2 சென்டிமீட்டர்ல இருந்து 2.5 வரைக்கும், சின்ன சாதியா இருந்தா இன்னும் குறைச்சு. ரொம்ப ஒட்டக் கட்டுனா குஞ்சு குப்புற விழும், ரொம்ப அகலமா விட்டா கட்டுனதுக்கு பிரயோஜனமே இல்ல. இறுக்கம் எவ்ளோன்னா, காலைச் சுத்தி இருக்குற வளையம் லேசா அசையணும் ஆனா பாதத்தைத் தாண்டி கழண்டு வரக்கூடாது.

கட்டுன உடனே குஞ்சு பின்னாடி விழும், பக்கத்துல விழும், கோவமா கத்தும், பாக்க பாவமா இருக்கும், அப்பவே அவுத்து விட்டுடாதீங்க. ஒரு சில மணி நேரத்துல நிக்கக் கத்துக்கும். அதுவரைக்கும் கூடவே இருங்க, மல்லாக்க விழுந்தா தூக்கி நிறுத்துங்க, தண்ணிப் பாத்திரத்துக்குள்ள முகம் குப்புற விழாம பாத்துக்கோங்க. தரையில சொரசொரப்பான துணியோ, வழுக்காம இருக்க அலமாரியில போடுற ரப்பர் விரிப்போ போடுங்க, தரையை மாத்தாம கட்டு மட்டும் போட்டா பாதி வேலை தான் ஆகும்.

குஞ்சு வளருற வேகத்துக்கு கட்டு சீக்கிரமே இறுகிடும், அதனால தினமும் பாருங்க, ஒரு நாளோ ரெண்டு நாளோ விட்டு புதுசா மாத்துங்க. ஒட்டு வரலைன்னா ஒரு சொட்டு சமையல் எண்ணெய் தடவி ஊற விட்டு எடுத்தா தோல் உரியாம வரும். மூணுல இருந்து அஞ்சு நாளுக்குள்ள கட்டு இல்லாம நேரா நிக்கும். அவுத்துப் பாக்கும்போது மறுபடி விரிஞ்சா திரும்ப கட்டுங்க.

கணுக்கால் வீங்கி பாதம் ஒரு பக்கமா திரும்பிப் போச்சு, வலி தாங்காம கத்துது. இதுக்கும் அதே கட்டு போடலாமா?

போடாதீங்க, இது வேற. கணுக்காலுக்குப் பின்னாடி ஒரு பள்ளத்துல தடிச்ச தசைநார் ஒண்ணு ஓடும், அது கப்பியில இருந்து கயிறு நழுவுன மாதிரி பள்ளத்தை விட்டு பக்கத்துல சரிஞ்சிடும். அப்புறம் குஞ்சால காலை நீட்டவே முடியாது. நல்ல கால்ல கணுக்காலுக்குப் பின்னாடி தடவுனா நடுவுல கயிறு மாதிரி ஒண்ணு உருளும், கெட்ட கால்ல அந்த இடம் தட்டையா இருக்கும், கயிறு ஓரத்துல இருக்கும். அப்படி இருந்தா இதே தான்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா, முதல் நாளுக்குள்ளன்னு வச்சுக்கோங்க, திரும்ப உள்ள தள்ள முடியும். காலை மெதுவா பின்பக்கமா நீட்டிப் பிடிச்சா தசைநார் தளரும், அப்போ கட்டைவிரலால பக்கத்துல இருந்து நடுவுக்கு உருட்டணும், உள்ள விழுறது கையில தெரியும். நான் சொல்றது என்னன்னா, முடிஞ்சா பறவை பாக்குற கால்நடை டாக்டர் கையால நடக்கட்டும், தெரியாம அழுத்துனா சின்ன எலும்பு உடைஞ்சிடும். உள்ள போனாலும் பள்ளம் ஆழமில்லன்னா மறுபடி நழுவும், அதனால காலை லேசா மடக்கின வாக்குல பேண்டேஜ் சுத்தி சில நாள் வைக்க வேண்டி வரும்.

இதுக்கு மாங்கனீஸ், கோலின் மாதிரி சத்துக் குறைவு ஒரு காரணம், உடம்பு சீக்கிரமா கனக்குற கறிக்கோழிக் குஞ்சுங்களுக்கு இன்னும் அதிகம் வரும். ஒரு குஞ்சுக்கு வந்தா மத்ததுங்க தீவனத்தையும் சேர்த்து கவனிங்க.

விரல் மட்டும் உள்பக்கமா சுருண்டிருக்கு, கால் நல்லா தான் இருக்கு.

பொரிக்கும்போதே அப்படி இருந்தா முதல் நாள்லயே ஒரு செருப்பு செஞ்சு போடுங்க. மெல்லிசு அட்டையை பாதத்தை விட கொஞ்சம் பெருசா வெட்டி, விரலை இயல்பான இடத்துல விரிச்சு வச்சு மேல டேப் ஒட்டணும், ரெண்டு மூணு நாள் போதும். பொரிச்ச புதுசுல எலும்பு இளசா இருக்கும், சொன்ன பேச்சு கேக்கும்.

நல்லா நடந்துக்கிட்டு இருந்த குஞ்சுக்கு ஒண்ணு ரெண்டு வாரத்துல விரல் சுருண்டு, கணுக்கால்ல உக்காந்து நகர ஆரம்பிச்சா அது பி2 வைட்டமின் குறைவா இருக்கலாம். தண்ணியில கலக்குற கோழி வைட்டமின் கொடுங்க, ஆனா தினமும் புதுசா கலக்கணும், வெயில் படாத இடத்துல வைக்கணும், பி2 வெளிச்சத்துல கெட்டுப்போகும். சீக்கிரம் கொடுத்தா நல்லா தேறும், நரம்பு ரொம்ப பாதிச்ச பிறகு கொடுத்தா பெருசா பலன் இருக்காது.

எலும்பு உடைஞ்சது உறுதி. வீட்ல கட்டு போடலாமா?

எந்த எலும்புங்கறத பொறுத்து. செதில் இருக்குற கீழ்க்கால்ல தோல் கிழியாம உடைஞ்சிருந்தா போடலாம். மேல தொடையில, உடம்போட ஒட்டி இருக்குற பகுதியில உடைஞ்சா வெளியில இருந்து கட்டுறது உதவாது, கட்டோட கனம் உடைஞ்ச இடத்தை இன்னும் இழுத்து மோசம் பண்ணிடும், அதுக்கு குஞ்சை நகர விடாம சின்ன இடத்துல வைக்கிறது தான் வழி. எலும்பு வெளிய தெரிஞ்சா சுத்தமான ஈரத்துணியால மூடி நேரா டாக்டர்கிட்ட.

கீழ்க்காலுக்கு: ஒரு ஆள் குஞ்சை துணியில சுத்தி, கண்ணை மறைச்சு பிடிக்கணும், இருட்டானா அடங்கிடும். நெஞ்சை மட்டும் அழுத்திப் பிடிக்காதீங்க, பறவைக்கு நம்மள மாதிரி உதரவிதானம் இல்ல, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைஞ்சா தான் மூச்சே விடும், இறுக்கிப் பிடிச்சா மூச்சு முட்டிடும். காலை நேரா வச்சு முதல்ல மெல்லிசா பஞ்சு, அப்புறம் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை நீளவாக்குல பிளந்து அதை கூடு மாதிரி போடுங்க, மேல தன் மேலயே ஒட்டுற பேண்டேஜை சுத்துங்க. ஸ்ட்ரா முனை தோல்ல குத்தாம ரெண்டு பக்கமும் பஞ்சு கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும். உடைஞ்ச இடத்துக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாம இருந்தா தான் எலும்பு சேரும்.

கட்டி முடிச்சதும் ஒரு மணி நேரம் கழிச்சு விரலைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் தினமும் காலையும் சாயங்காலமும். ஜில்லுனு இருந்தாலோ, வீங்குனாலோ, நிறம் மாறுனாலோ கட்டு இறுக்கம், உடனே அவுத்து தளர்வா போடுங்க. இறுக்கமான கட்டால கால் போறதை விட கோணலா சேருறது மேல்.

குஞ்சுக்கு எலும்பு ரெண்டு மூணு வாரத்துல சேர்ந்துடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவுத்து வளர்ச்சிக்குத் தகுந்த மாதிரி மாத்தணும்.

காலைச் சுத்தி நூலு, தலைமுடி சிக்கியிருக்கு.

தெரிஞ்ச நிமிஷமே எடுங்க. வெதுவெதுன்னு தண்ணியில காலை ஊற வச்சா சிக்கு தெரியும், மழுங்கின முனைக் கத்தரியால ஒவ்வொரு இழையா வெட்டி எடுங்க, இழுக்காதீங்க. வீக்கத்துக்குள்ள புதைஞ்சு போன நூலு வெளிய தெரியாது, ஒரு விரல் மட்டும் உருண்டையா வீங்கியிருந்தா அங்க பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க.

காயம், ரத்தம் வருது.

சுத்தமான துணியால சில நிமிஷம் அழுத்திப் பிடிங்க. நின்னதும் உப்பு கலந்த கொதிச்சு ஆறின தண்ணியிலயோ, வெளிறின டீ நிறம் வர்ற அளவுக்கு தண்ணி கலந்த அயோடின் மருந்திலயோ கழுவுங்க. அப்புறம் மத்த குஞ்சுங்க கண்ணுல படாம மறைங்க, சிவப்பைப் பாத்தா கொத்தும், ஒண்ணு ஆரம்பிச்சா எல்லாம் சேர்ந்துக்கும். ஈ உக்கார விடாதீங்க, ஈ முட்டை வச்சா ஒரே நாள்ல புழு வந்துடும்.

வலிக்கு நாம போடுற மாத்திரையை கொஞ்சமா உடைச்சு கொடுக்கலாமா?

வேண்டாம். 40 கிராம் எடை கூட இல்லாத உயிருக்கு கொஞ்சம்ங்கறது எவ்ளோன்னு கண்ணால அளக்க முடியாது. வலி தைலமும் தடவாதீங்க, மரத்துப் போகுற மருந்து கலந்த களிம்பும் வேண்டாம், அதெல்லாம் தோல் வழியா உள்ள போயி குஞ்சைப் பாதிக்கலாம். வலி மருந்து வேணும்னா டாக்டர் எடை போட்டுப் பாத்து கொடுக்கட்டும். ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான், சுளுக்குக்கும் தோல் கிழியாம உடைஞ்ச எலும்புக்கும் அது ஒண்ணும் செய்யாது.

சாப்பிடவே மாட்டேங்குது, வாய்ல ஊத்தி விடலாமா?

முதல்ல எத்தனை நாள் குஞ்சுன்னு பாருங்க. முட்டையில இருந்து வந்த புதுசுல உள்ள இழுத்துக்கிட்ட மஞ்சள் கரு ரெண்டு மூணு நாள் தாங்கும், அந்த நேரம் சாப்பிடலைன்னு பதற வேண்டாம், தண்ணி மட்டும் பழக்குங்க. அலகு நுனியை தண்ணியில லேசா தொட்டு எடுத்தா தானா தலையைத் தூக்கி முழுங்கும்.

அதுக்கு மேல வயசான குஞ்சுன்னா, உடம்பு ஜில்லுனு இருக்கும்போது எதையும் ஊட்டாதீங்க, சூடு ஏறுன பிறகு தான். தீவனத்தை வெதுவெதுன்னு தண்ணியில குழைச்சு முகத்துக்கு நேரா வைங்க, வேகவச்ச மஞ்சள் கருவை பொடிச்சு மேல தூவுங்க, விரலால தட்டிக் காட்டுங்க, தாய்க்கோழி கொத்திக் காட்டுறத பாத்து தான் குஞ்சு கத்துக்குது. சிரிஞ்சால வாய்க்குள்ள பீச்சுறது ஆபத்து, நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் வாசல் இருக்கு, தண்ணி அதுல இறங்குனா நுரையீரலுக்குப் போயிடும். அலகோட பக்கவாட்டுல ஒவ்வொரு சொட்டா வைங்க, அது முழுங்குன பிறகு அடுத்த சொட்டு.

தண்ணிப் பாத்திரம் ஆழமில்லாம இருக்கணும், உள்ள கோலிக்குண்டு போட்டு வச்சா விழுந்தாலும் மூழ்காது.

தனியா வச்சா கத்திக்கிட்டே இருக்கு.

கத்தத் தான் செய்யும், குஞ்சுக்கு தனிமை பெரிய பயம், அந்தப் பயத்துலயே சாப்பிடாம கிடக்கும். கூட்டத்துக்குள்ளயே விட்டா மிதிபடும். அதனால நடுவுல ஒரு கம்பி வலை வச்சு பக்கத்துலயே வைங்க, பாக்கணும் ஆனா மிதிக்கக் கூடாது. சாதுவான ஒரு குஞ்சை துணைக்கு விட்டா இன்னும் நல்லது, ஆனா அது காலைக் கொத்துதான்னு முதல் கொஞ்ச நேரம் கவனிங்க.

உக்காந்தே இருக்குறதால ஆசனவாயில எச்சம் ஒட்டி அடைச்சுக்கும், அதை தினமும் பாத்து வெதுவெதுன்னு தண்ணியால நனைச்சு எடுக்கணும், உரிச்சு எடுக்கக் கூடாது. விரிப்பை ஈரமாக விடாதீங்க, கணுக்கால்லயும் நெஞ்சுலயும் புண் வந்துடும். குஞ்சைத் தொட்டதும் சோப்பு போட்டு கை கழுவுங்க, சால்மோனெல்லா கிருமி நல்லா இருக்குற கோழிகிட்டயும் இருக்கும், சின்னப் பசங்க முத்தம் கொடுக்க விடாதீங்க.

ஒண்ணுக்கு மேல நிறைய குஞ்சு நொண்டுது.

அப்போ அது அடி இல்ல, தீவனமோ நோயோ. கால் எலும்பும் அலகும் ரப்பர் மாதிரி வளைஞ்சா டி3 வைட்டமின், கால்சியம், பாஸ்பரஸ் பக்கம் சந்தேகப்படுங்க, வெறும் தானியத்துல வளர்ற குஞ்சுக்கு இது வரும். மூட்டு சூடா வீங்கி குஞ்சு சோர்ந்து கிடந்தா கிருமி. ஒரு மாசம் தாண்டுன குஞ்சு ஒரு காலை முன்னாடியும் ஒரு காலை பின்னாடியும் நீட்டிக்கிட்டு கிடந்தா மேரெக்ஸ் நோயா இருக்கலாம். அது வைரஸ், வந்த பிறகு மருந்து கிடையாது, பொரிச்ச முதல் நாள் போடுற தடுப்பூசி தான் காப்பாத்தும். எதுவா இருந்தாலும் நொண்டுற குஞ்சுங்களைத் தனியா பிரிச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க, செத்துப்போன குஞ்சு இருந்தா அதையும் எடுத்துட்டுப் போங்க, அறுத்துப் பாத்தா தான் பல நோய் உறுதியாகும்.

எப்போ இனிமே முடியாதுன்னு முடிவு பண்றது?

கேக்க கஷ்டமான கேள்வி, ஆனா கேட்டுத் தான் ஆகணும். ஒரு கால் கெட்டுப்போனது மட்டும் காரணமில்ல, ஒத்தைக் கால்ல நல்லா வாழுற கோழி நிறைய இருக்கு. நான் பாக்குறது மூணு: தானா சாப்பிட்டுக் குடிக்குதா, வலி நாளுக்கு நாள் குறையுதா, சுத்தி நடக்குறதுல கவனம் இருக்கா. இந்த மூணும் இருந்தா காத்திருங்க, அவசரமே இல்ல. ரெண்டு காலும் போயி, சாப்பிடாம, கண்ணை மூடிக்கிட்டே கிடந்து, புண்ணும் வர ஆரம்பிச்சா அதை இழுத்துப் பிடிக்கிறது குஞ்சுக்காக இல்ல, நமக்காகத் தான். டாக்டர்கிட்ட கொண்டு போனா வலி இல்லாம முடிச்சு வைப்பாங்க. தானா சாகட்டும்னு ஒரு மூலையில போட்டு வைக்கிறது மட்டும் செய்யாதீங்க.

குணமானதும் எப்போ கூட்டத்துல விடலாம்?

ஓடும்போது மத்த குஞ்சுங்களுக்கு ஈடு கொடுக்குதா, தள்ளிவிட்டா எந்திரிக்குதா, இது ரெண்டும் பாத்துட்டு விடுங்க. முதல்ல பகல்ல சில மணி நேரம், நீங்க பக்கத்துல இருக்கும்போது மட்டும், ராத்திரி திரும்ப தன் பெட்டிக்கு. தீவனமும் தண்ணியும் ரெண்டு இடத்துல வைங்க, ஒரு இடத்துல விரட்டுனா இன்னொரு இடத்துல சாப்பிடும். லேசா நொண்டல் நிரந்தரமா நின்னுட்டா, பெருசானதும் உசரமான கட்டையில ஏத்தாதீங்க, குதிச்சு இறங்குறப்போ அதே காலைத் தான் மறுபடி அடிச்சுக்கும், தரையில இருந்து ஒரு சாண் உசரத்துல தட்டையான பலகை போட்டுக் கொடுங்க. பெட்டைக் குஞ்சா இருந்தா முட்டை வைக்கிறதுக்கு நொண்டல் ஒரு தடையில்ல, ஆனா சேவல் ஏறும்போது காலு தாங்காது, அதனால சேவல்கிட்ட இருந்து தள்ளியே வைங்க.